வீட்டிற் கலந்த புகையிலை நீர்: கோடா முதல் ஆவித் திரவம் வரை

கோடா என்னுஞ் சொல்லைத் துணுக்காய்ப் பகுதியில் இன்று கேட்பவர் கசிப்புக் காய்ச்சுவோரின் பீப்பாவையே முதலில் நினைப்பர். காட்டோரத்திற் பொலிசார் கைப்பற்றியதாகப் பத்திரிகைகளில் வரும் கோடா, சீனி முதலியன கலந்து புளிக்கவிட்ட நீராகும். ஆயின் யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலாளரிடையே இதே சொல் வேறொரு பொருளில் நெடுங்காலம் வழங்கியது. புகையிலையின் காம்பையும் நடுநரம்பையும் கழிவுத் துண்டுகளையும் நீரிலிட்டு அவித்து, இறக்கிய சாற்றிற் பனங்கட்டி முதலியவற்றைச் சேர்த்துப் பதமாக்கி, சுருட்டின் உள்ளே வைக்கும் இலைக்கு ஊட்டுந் திரவமே அவர்களுடைய கோடா. காரம் குறைந்த இலைக்குக் காரமும், மணம் போதாத இலைக்கு மணமும் ஏற்றுவது அதன் தொழில். எதனை எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கொட்டில் முதலாளிகள் எளிதில் வெளியிடுவதில்லை.

அண்மைக் காலத்தில் இளைஞரிடையே ‘வேப்’ எனப் பெயர் பெற்றுள்ள இலத்திரனியல் சிகரெட்டுக்கு வேண்டிய திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்ளும் முயற்சி உலகின் பல பாகங்களிலும் பரவியிருக்கின்றது. இதனை முற்றிலும் புதியதொரு மேனாட்டு விநோதம் என நம்மவர் கருதுகின்றனர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. நிக்கொட்டின் கரைந்த நீரை மனிதர் தம் கையாற் கலந்த வழக்கம் நம் மண்ணிற் பழையது. சுருட்டுக் கொட்டிலிலும், தோட்டத்து மூலையிலும், ஒருவகையில் வெற்றிலைத் தட்டத்திலும் அது நிகழ்ந்தது. ஆகவே, கலப்பது புதிதா பழையதா என்பது நம் வினாவன்று. கலப்பவன் தன் கையிலுள்ள நஞ்சின் வலுவை எதனைக் கொண்டு அறிந்தான் என்பதே இக்கட்டுரையின் வினா. அதனைத் துணுக்காயில் நின்று நோக்குவதற்குக் காரணம் உண்டு. வேண்டியவற்றைத் தாமே கலந்தும் காய்ச்சியும் வாழவேண்டிய நிலைமை இந்நாட்டில் வன்னி மக்களுக்கு வாய்த்ததுபோல் வேறெவருக்கும் வாய்த்ததில்லை.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசின் கூட்டத்தார் அதனைக் கண்டனர். 1560ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த சான் நிக்கோ அதனைத் தம் அரசவைக்கு அனுப்பிவைத்தார். செடியின் இலத்தீன் பெயரும் நிக்கொட்டின் என்னும் பெயரும் அவர் பெயரின் வழி வந்தவை. இலங்கைக்கு இச்செடி போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்தது. புகைக்கும் இலை என்னும் பொருளிற் புகையிலை எனத் தமிழிற் பெயரிட்டவர், அதன் பிறப்பிடம் எதுவாயினும் நமக்கு அது எதற்கு என்பதை ஒரே சொல்லிற் சொல்லி முடித்துவிட்டனர்.

ஒல்லாந்தர் ஆட்சியின்போது யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவிற் சென்றது. அங்கு அதன் வாணிபம் அரசின் ஏகபோகமாக இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், அவ்வேகபோகம் நீக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மலையாளச் சந்தை சுருங்கியபோது, யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஐக்கிய வியாபாரச் சங்கம் அமைத்து அதனைத் தாங்கிப் பிடிக்க முயன்றனர். மறுபுறம், சிங்களப் பகுதிகளின் பட்டினங்கள்தோறும் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை வைத்தனர். இவ்வளவும் நன்கறியப்பட்ட செய்திகள்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிற் புகையிலை செழிப்பதற்கு வேண்டிய பசுந்தாட் குழையின் ஒரு பகுதி வன்னிக் காடுகளிலிருந்தே சென்றது. வண்டிலிலும் பிற்காலத்தில் லொறியிலும் ஏறிய காட்டுக்குழை, தோட்டத்து மண்ணிற் புதைந்து உக்கி, இலையாகி, தேங்காய் மட்டைப் புகையிற் பதப்பட்டு, சுருட்டாகி மறுபடியும் வன்னிக்கு வந்தது. வரம்பிற் காவலிருந்த கமக்காரன் இராக்காலத்திற் பன்றிக்கும் யானைக்கும் நித்திரை விழித்தபோது அவனது வாயில் எரிந்தது, ஒரு கணக்கில், அவனுடைய காட்டின் இலையே. வன்னி கொடுத்ததற்கு என்ன விலை பெற்றது, திரும்ப வாங்கியதற்கு என்ன விலை கொடுத்தது என்பதைப் பொருளியல் மாணவர் எவரேனும் ஆராய்ந்தால் நன்று.

மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் மல்லாவிக்கு அண்மையிற் துணுக்காய் அமைந்துள்ளது. 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாக்கப்பட்டபோது இப்பிரிவும் அதனுள் அடங்கிற்று. ஆலங்குளம், கல்விளான், தேறாங்கண்டல், உயிலங்குளம், கோட்டைகட்டியகுளம் என ஊர்ப்பெயர்களுட் பலவும் குளத்தோடு சேர்ந்தே நிற்கும். பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புனரமைக்கப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்ற குடும்பங்கள் அதன்கீழ்க் குடியேற்றப்பட்டன. அவர்கள் தம்முடன் கொண்டுவந்தது மண்வெட்டியை மாத்திரமன்று. தோட்டச் செய்கையின் பழக்கங்களையும் கொண்டுவந்தனர். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாக மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது வன்னித் தோட்டங்கள் விரிந்தன. பயிர் விரிந்த இடத்திற் பூச்சியும் விரியும். மிளகாயின் இலை சுருண்டது. பயற்றங்கொடியின் குருத்தில் அழுக்கணவன் அடைந்தது.

இங்கேதான் புகையிலை நீரின் இரண்டாம் வடிவத்தை நாம் சந்திக்கின்றோம். புகையிலைக் கசாயம் என்னும் பூச்சிநாசினி கடைகளில் விற்கும் இரசாயன மருந்துகளுக்கு முற்பட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விவசாய விரிவாக்கத்தார் பலகாலம் எடுத்துரைத்த கலவை பின்வருமாறு: அரைக் கிலோ புகையிலைக் கழிவை நாலரை லீற்றர் நீரில் அரைமணி நேரம் அவித்தல் வேண்டும், அல்லது ஒருநாள் முழுவதும் ஊறவைத்தல் வேண்டும். நூற்றிருபது கிராம் அளவு சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து வடித்த சாற்றிற் சேர்த்து, ஆறேழு மடங்கு நீர் விட்டுத் தெளித்தல் வேண்டும். சவர்க்காரம் நீரை இலையிற் பரவி ஒட்டச் செய்யும். அதன் காரத் தன்மை நிக்கொட்டினை அதன் உப்பு நிலையிலிருந்து விடுவித்துப் பூச்சியின் உடலுட் புகத் தக்கதாக்கும். இக்காரணத்தைக் கமக்காரன் அறிந்திருக்க வேண்டியதில்லை. சவர்க்காரம் இன்றி அடித்தால் அழுக்கணவன் சாகாது என்பதை அறிந்திருந்தால் அவனுக்குப் போதும்.

இதே காரத்தின் தொழிலைத்தான் வெற்றிலைத் தட்டத்திற் சுண்ணாம்பு செய்கின்றது. பாக்கும் புகையிலையும் மாத்திரம் மென்றால் வராத கிறுகிறுப்பு, விரல் நுனிச் சுண்ணாம்பு சேர்ந்ததும் வருவதன் இரகசியம் இதுவே. காரம் ஏற ஏற நிக்கொட்டின் வாயின் மென்தோலினூடே விரைந்து குருதியிற் கலக்கும். சுண்ணாம்பு மிகுந்தால் வாய் வெந்துபோம். ஆகவே அளவு தவறியவனுக்கு நாவே தண்டனை கொடுத்துவிடும். இதனாற் பழைய வழக்கம் தீங்கற்றது என ஒருவரும் கொள்ளற்க. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முதன்மையான புற்றுநோய்களுள் ஒன்றாக இருப்பதற்கு வெற்றிலையோடு சேர்ந்த பாக்கும் புகையிலையும் பெருங்காரணம் என்பது மருத்துவம் உறுதியாகக் கண்ட உண்மை. நாம் இங்கு நோக்குவது வேறொன்று. நாற்பதாண்டு கழித்து வரும் புற்றைப்பற்றி நாவுக்கு ஒன்றும் தெரியாது. இப்போதே வரும் நஞ்சேற்றத்தை அது அறிவிக்கும். எரிவு, குமட்டல், வியர்வை ஆகியவை பழைய கலவைகளின் அளவுகோல்களாக இருந்தன.

தோட்டத்திலும் அவ்வாறே. பனி நனைந்த புகையிலையை முறிப்பவனுக்குத் தலை சுற்றி வாந்தி வருவதுண்டு. ஈர இலையிலிருந்து நிக்கொட்டின் தோல்வழியே ஏறுவதால் வரும் நோய் அது. புகையிலை நட்டு வளர்த்த குடும்பத்தில் வந்தவன் கசாயப் பானையைப் பிள்ளை எட்டாத இடத்தில் வைத்தான் என்றால், அது துண்டுப் பிரசுரம் படித்துப் பெற்ற அறிவன்று. சாறோ கறுத்தது, நாற்றமோ வேலிக்கு அப்பாலும் வீசும். அதனைத் தேநீரென்று எவரும் எடுத்துக் குடித்துவிட மாட்டார்.

1990இற் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, யூரியா எனப் பட்டியல் நீண்டது. வன்னியில் 2002ஆம் ஆண்டின் தொடக்கம்வரை அத்தடை ஒருவாறாக நீடித்தது. பெற்றோல் சில துளி விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும், ஜாம் போத்தலில் எரிந்த சிறுவிளக்கும் அக்காலத்தின் அடையாளங்கள். 1995இன் இறுதியிற் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்தோரும், 1996 செப்டெம்பரிற் கிளிநொச்சி வீழ்ந்தபின் அங்கிருந்து வந்தோரும் அக்கராயன், மல்லாவி, துணுக்காய் ஆகிய ஊர்களில் மரநிழல்தோறும் குடியமர்ந்தனர். ஒரு சிறு கிராமச் சந்தி சில மாதங்களிற் பட்டினமாயிற்று. அங்கே எதனையும் வாங்குவதற்கு முன் ‘இதனை நாமே செய்யலாமா?’ என்று கேட்பது இயல்பான புத்தியாக இருந்தது. அது வறுமை கற்பித்த புத்தி, ஆயினும் புத்திதான். 2008இல் மறுபடியும் இடம்பெயர்ந்து, 2009இன் இறுதியிலிருந்து படிப்படியாகத் திரும்பியோரிடமும் அது எஞ்சியிருந்தது. 2021இல் அரசு இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் இறக்குமதி செய்வதைத் திடீரெனத் தடுத்தபோது, வீட்டுக் கசாயங்களைப் பற்றிய பேச்சு நாடெங்கும் மீண்டும் எழுந்தது. கொழும்புக்கு அது புதுமையாயிருந்தது, வன்னிக்கு அவ்வாறிருக்கவில்லை.

தேவை காரணமாகக் கலந்த இவற்றோடு, தேவையின்றிக் கலக்கும் மூன்றாவது திரவத்தை ஒப்பு நோக்குவோம்.

புகையின்றி உறிஞ்சும் சிகரெட்டுக்கு அமெரிக்கரான ஹேர்பேட் கில்பேட் 1965இற் காப்புரிமை பெற்றார். அது சந்தையில் நிலைக்கவில்லை. இன்றைய வடிவத்தை 2003இல் உருவாக்கியவர் சீன மருந்தாளர் ஹொன் லிக். தகப்பனாரை நுரையீரற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், தாமும் பெரும் புகைப்பாளர் என்பர். சிகரெட்டில் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் எரிதலினாற் பிறக்கும் தாரும் காபனோரொட்சைட்டும். பிடித்து வைத்திருப்பதோ நிக்கொட்டின். எரியாமல் ஆவியாக்கினால் முன்னதைத் தவிர்த்துப் பின்னதை மாத்திரம் பெறலாம் என்பது அவர் கருத்து. அது முழுவதும் பிழையான கருத்தன்று. பிரித்தானியப் பொதுச் சுகாதாரத் துறையினர் நெடுநாட் புகைப்பவர் அதனைக் கைவிடுதற்கு ஒரு துணையாக இக்கருவியை ஏற்றுள்ளனர். புகைப்பழக்கமே இல்லாத பிள்ளைகள் இதனிலிருந்து தொடங்குவதே வேறு நாடுகளின் கவலை.

ஆவித் திரவத்தின் அமைப்பு எளிது. புரொப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரீன் என்னும் இரு பாகுநீர்மங்கள் அதன் அடிப்படை. முன்னது மணத்தைத் தாங்கும், பின்னது வெண்ணிற ஆவியைத் தரும். அவற்றோடு வாசனைச் சத்தும் நிக்கொட்டினும் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இயற்றி 2016இல் நடைமுறைப்படுத்திய விதிகள், விற்பனைத் திரவத்தின் வலுவை ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் எனவும், போத்தலைப் பத்து மில்லிலீற்றர் எனவும் மட்டுப்படுத்தின. விலையும் கட்டுப்பாடும் ஏற, வீட்டிற் கலப்போர் பெருகினர். அவர்கள் பெரும்பாலும் எடுப்பது மில்லிலீற்றருக்கு நூறு மில்லிகிராம் கொண்ட அடர்கரைசல். கணக்கு பாடசாலைக் கணக்கே: வேண்டிய வலுவை வேண்டிய கனவளவாற் பெருக்கி, அடர்கரைசலின் வலுவாற் பிரித்தல் வேண்டும். நூறு மில்லிலீற்றர் திரவம் மூன்று மில்லிகிராம் வலுவில் வேண்டுமாயின், மூன்று மில்லிலீற்றர் அடர்கரைசல் போதும். தசமப்புள்ளி ஒருதானம் விலகினால் அது முப்பதாகும். மூன்றுக்கும் முப்பதுக்கும் இடையே நிறத்தில் வேறுபாடில்லை. மணத்தில் மாம்பழமோ முந்திரிகையோதான் வீசும்.

கசாயத்தின் கணக்கை இதனருகே வைத்துப் பார்த்தல் பயனுடைத்து. அரைக் கிலோப் புகையிலையில் நூற்றுக்கு இரண்டு வீதம் நிக்கொட்டின் உண்டு எனக் கொண்டால், அதில் பத்துக் கிராம் அடங்கும். அது முழுவதும் சாற்றில் இறங்கியதாகவே கொண்டாலும், நாலரை லீற்றரில் மில்லிலீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஏழு மடங்கு நீர்த்தபின் மூன்றிலொரு மில்லிகிராம் அளவு. அழுக்கணவனைக் கொல்லும் நீரின் வலு இவ்வளவே. ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்ட ஆவித் திரவம் அதனினும் அறுபது மடங்கு வலியது. வீட்டிற் கலப்பவன் மேசையில் வைத்திருக்கும் அடர்கரைசலோ முந்நூறு மடங்கு. ஓர் இழுப்பில் உடலுட் செல்வது மிகச் சிறிய துளியின் ஆவியே ஆதலால், உறிஞ்சுபவன் பூச்சிபோல் வீழ்ந்துவிடுவான் என்பது இதன் பொருளன்று. போத்தல் கவிழ்ந்தால், தோலிற் சிந்தினால், பிள்ளை வாயில் வைத்தால் என்னாகும் என்பதே இக்கணக்குக் காட்டுவது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2014 டிசெம்பரில் ஒரு குழந்தை திரவ நிக்கொட்டின் உட்சென்று இறந்தது. பிள்ளைகள் திறக்கவியலாத மூடி கட்டாயம் என்னும் சட்டம் அதன் பின்னரே அந்நாட்டில் நிறைவேறிற்று.

பூச்சிநாசினியாக நிக்கொட்டின் அடைந்த கதியையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். இந்தியா 1992இல் நிக்கொட்டின் சல்பேற்றை உள்நாட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்வதை மாத்திரம் அனுமதித்தது. (நமக்கு ஆகாதது பிறருக்கு ஆகும் என்னும் இந்நியாயம் வாணிபத்துக்கே உரியது.) அமெரிக்காவில் எஞ்சியிருந்த நிக்கொட்டின் பூச்சிநாசினியின் விற்பனை 2014உடன் முடிவுக்கு வந்தது. அந்நாட்டின் சேதன விவசாய விதிகளோ, இயற்கைப் பொருளாயினும் புகையிலைத் தூள் ஆகாது என விலக்கிவைத்துள்ளன. மரத்தில் தெளிப்பதற்கு மிகக் கொடியது என்று கமத்தொழில் கைவிட்ட அதே ஆண்டுகளில், பழமணம் ஊட்டப்பெற்ற அதே பொருள் மனிதர் சுவாசிப்பதற்காகப் போத்தலில் ஏறிற்று. வரலாற்றில் இத்தகைய சந்திப்புகள் அடிக்கடி நிகழ்வதில்லை.

பழைய கலவையின் அளவுகோல் நாவும் தொண்டையும் எனக் கண்டோம். புதிய திரவத்தில் அவ்வளவுகோலே வேண்டுமென்று நீக்கப்பட்டுள்ளது. தூய நிக்கொட்டின் காரத்தன்மையது. அதன் ஆவி வலுக்கூடியபோது தொண்டையை அறுக்கும். ஆகவே தொடக்கத்தில் எவரும் மிகுவலுத் திரவத்தை எளிதில் இழுக்கவியலவில்லை. 2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் என்னும் கருவி, பென்சோயிக்கமிலம் சேர்த்து நிக்கொட்டினை உப்பாக்கியது. தொண்டை எரிவு தணிந்தது. வலு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 59 மில்லிகிராமாக உயர்ந்தது. சுண்ணாம்பு செய்ததன் நேர்மாறு இது. சுண்ணாம்பு நஞ்சை விரைவுபடுத்திற்று. வாயையும் சுட்டு எச்சரித்தது. அமிலமோ நஞ்சை மிகுவித்து எச்சரிக்கையை அடக்கிற்று. மேனிலைப் பாடசாலைப் பிள்ளைகளிடையே அமெரிக்காவில் இப்பழக்கம் காட்டுத்தீயெனப் பரவியமைக்கு இந்த இரசாயனமே பெரிதும் ஏது எனலாம்.

வாசனைச் சத்துகளிலும் இதே மயக்கம் உண்டு. உண்பதற்குத் தீங்கற்றது சுவாசிப்பதற்கும் தீங்கற்றது என வீட்டிற் கலப்போர் எளிதில் எண்ணிவிடுவர். வெண்ணெய் மணம் தரும் டையசற்றைல் உணவிற் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் சோளப்பொரித் தொழிற்சாலையில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளருக்குச் சுவாசச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைபட்டமை கண்டறியப்பட்டது. எண்ணெயிற் கரைந்த சத்துகள் இன்னுங் கொடியவை. எண்ணெய் வயிற்றிற் செரிக்கும், நுரையீரலிற் செரியாது. 2019இல் அந்நாட்டில் ஆவிக்கருவி பயன்படுத்தியோரிடையே எழுந்த நுரையீரல் நோயால் 2020 பெப்ரவரி வரையில் 2,800க்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். கஞ்சாச் சத்துத் திரவத்தைத் தடிப்பாக்குவதற்குக் கள்ளச்சந்தையிற் கலந்த விற்றமின் ஈ அசற்றேற்று என்னும் எண்ணெயே அதன் முதன்மைக் காரணம் என விளங்கிற்று. அதுவும் மருந்துக்கடையில் விற்கும் பொருளே. பூசவும் உண்ணவும் ஆகும். அதனைக் கலந்தவன் கொல்லும் எண்ணத்தோடு கலந்திருக்க மாட்டான்; பாகுபோல் தடித்திருந்தால் நல்ல விலை போகும் என்றே கலந்தான்.

சட்டம் என்ன சொல்கின்றது? இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபை நிறுவப்பட்டது; இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்றல் அச்சட்டத்தாற் குற்றமாயிற்று. அதன்கீழ் 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைக் கலவைகள், இலத்திரனியல் சிகரெட்டு ஆகியவற்றின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தன. தமிழ்நாடு 2018இலும், இந்திய நடுவணரசு 2019இலும் தடைவிதித்தன. இந்தியச் சட்டம் களஞ்சியப்படுத்தலையும் விளம்பரத்தையுங்கூடத் தடுக்கின்றது. தடையினால் மாத்திரம் பழக்கம் ஒழிந்துவிடும் என நம்புதற்குக் கசிப்பின் வரலாறு இடந்தரவில்லை. வன்னிக் காடுகளில் ஒரு கோடா இன்றும் புளித்துக்கொண்டுதான் இருக்கின்றது. எனினும் கசிப்புக்கும் இதற்கும் ஒரு வேற்றுமையைக் கருதல் தகும். கோடாவை எவரும் தொடக்கத்திலிருந்து தம் கையாலேயே ஆக்கலாம். சீனி, நீர் முதலியன போதும். ஆவித் திரவத்துக்கு வேண்டும் நிக்கொட்டினை அவ்வாறு ஆக்கமுடியாது. புகையிலையை அவித்துச் சாறெடுத்துக் கருவியில் ஊற்றலாமென நினைப்பவன், சீனியும் மெழுகும் பசையும் கலந்த கரிய கூழைத்தான் பெறுவான்; அது கம்பிச்சுருளிற் கருகி, எரிதலைத் தவிர்க்க வந்த கருவியையே எரிகலமாக்கிவிடும். கசாயம் மிளகாய்ச் செடிக்கு உரியது, நுரையீரலுக்கு உரியதன்று.

ஆகவே நான்கு பொருள்களுட் கிளிசரீனும் கிளைக்கோலும் வாசனைச் சத்தும் எந்தப் பட்டினத்திலும் முயன்றால் வாங்கத் தக்கவை. நான்காவது கடல்கடந்தே வருதல் வேண்டும். தடை உள்ள நாட்டில் அது மறைவாகவே வரும். போத்தலின்மேல் எழுதிய எண்ணுக்குப் பொறுப்பாளி எவருமில்லை. நூறு என்று எழுதியிருப்பது ஐம்பதாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம். கசாயம் காய்ச்சிய கமக்காரன் தன் புகையிலை எந்தத் தோட்டத்தது, எத்தனை காரம் உடையது என்பதைக் கிள்ளி வாயிலிட்டு அறிந்தான். சுருட்டுக் கொட்டிலார் கோடாவின் நிறத்தைக் கண்டனர். நிறமற்ற இந்நீரின் வலுவை அளப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டும். அத்தகைய ஆய்வுகூடம் மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியில் எங்கும் இல்லை; தடை மீறி வந்த போத்தலைக் கொண்டுபோய் அளந்து தருமாறு கேட்கத்தக்க ஆய்வுகூடம் கொழும்பிலும் இல்லை.